வெட்டுமாதிரியும் வேள்விவிதியும்

பொதுவாக வகுக்கப்பட்ட ஒரு விதி, அதை வகுத்தவர் எண்ணிப் பாராத ஒரு தனிநிலையைச் சந்திக்கும்போது, அவ்விதியில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது, மாற்றுவதற்கான உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா நீதிமன்றத்துக்கோ கோயில் நிருவாகத்துக்கோ மட்டும் உரியதன்று. பெரியவர் உடலுக்கென வரையப்பட்ட அடிப்படை வெட்டுமாதிரியைக் கொண்டு இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு மேல்சட்டை தைக்க முற்படும் எவரும் இதே வினாவைத்தான், கத்தரிக்கோலைத் துணியில் வைப்பதற்கு முன், தம்மை அறியாமலேனும் கேட்டுக்கொள்கின்றனர். இவ்வினாவை இந்திய மெய்யியல் மரபுகளுள் மிக விரிவாக ஆராய்ந்தது மீமாம்சை, அதாவது வேதம் விதிக்கும் சடங்குகளின் பொருளையும் செய்முறையையும் ஆராயும் தரிசனம். அத்தரிசனம் கண்ட விடை தையல்மேசையிலும் வழுவாமல் பொருந்துகிறது என்பதோடு, தையல்மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவ்விடையின் நுட்பம் முழுமையாகப் புலப்படுகிறது.

பேட்டர்ன் எனத் தையற்கலையில் வழங்கும் வெட்டுமாதிரி என்பது, முப்பரிமாண உடலைத் தட்டையான தாளில் விரித்துக் காட்டும் வரைவு. முன்பக்கம், பின்பக்கம், கை ஆகிய பகுதிகளை மட்டும் கொண்டு, அலங்காரமோ கழுத்தணியோ இல்லாமல், ஒரு குறிப்பிட்ட மார்பளவுக்கு வரையப்பட்டதே அடிப்படை மாதிரி. அதை அப்படியே தைத்து யாரும் உடுத்துவதில்லை. ஆயினும் உடுத்தப்படும் எல்லா ஆடைகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. தையல் வகுப்புகளில் மார்பளவே மூல அளவாகக் கொள்ளப்பட்டு, அதன் நான்கில் ஒரு பங்கு உடற்பகுதியின் அகலத்துக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு கழுத்தின் அகலத்துக்கும் என வாய்பாடுகள் கற்பிக்கப்படுவதுண்டு. ஓர் அளவு தெரிந்தால் பிற அளவுகள் தாமே கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கையில் எழுந்த இவ்வாய்பாடுகள் பெரியவர் உடல்களுக்குப் பெரும்பாலும் உதவுகின்றன. குழந்தையிடம் வந்தவுடன் தடுமாறுகின்றன.

தடுமாற்றத்தின் காரணம் எளியது: குழந்தை என்பது சுருக்கப்பட்ட பெரியவர் அன்று. பிறக்கும்போது தலையின் நீளம் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு; இரண்டு வயதில் ஐந்தில் ஒரு பங்கு; வளர்ந்தவரிடம் ஏழரையில் அல்லது எட்டில் ஒரு பங்கு. இரண்டு வயதுக் குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 47 முதல் 48 செ.மீ.; மார்பளவு அதைவிடச் சிறிதே மிகுதி. மார்பளவு 88 செ.மீ. கொண்ட ஒருவருக்கு வரைந்த மாதிரியை, மார்பளவு 50 செ.மீ. கொண்ட குழந்தைக்கென ஒரே விகிதத்தில் சுருக்கினால், பெரியவர் தலையை எளிதில் நுழைக்கக்கூடிய 58 செ.மீ. கழுத்துச்சுற்று 33 செ.மீ. ஆகிவிடும். அதனுள் 48 செ.மீ. தலை நுழையாது. கணக்கில் பிழையில்லை, விகிதம் ஓரிடத்திலும் தவறவில்லை, விதி எழுத்துக்கு எழுத்து காக்கப்பட்டிருக்கிறது. எனினும் விளைந்த சட்டை எந்தக் குழந்தையும் அணிய முடியாத சட்டை. எல்லா அளவுகளையும் சமமாகக் குறைப்பது மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதுபோலத் தோன்றி, மூலம் எதற்காக இருந்ததோ அதையே கைவிடுகிறது.

ஜைமினி இயற்றிய மீமாம்சா சூத்திரத்தின் பன்னிரண்டு அத்தியாயங்களுள் பிற்பாதியின் பெரும்பகுதி இவ்வகைச் சிக்கல்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. வேள்விகளைப் பிரகிருதி, விகிருதி என மீமாம்சகர் இருவகைப்படுத்துவர். எல்லா அங்கங்களும் முழுமையாக விதிக்கப்பட்ட மூலவேள்வி பிரகிருதி. மூலத்திலிருந்து வேறுபடும் அங்கங்கள் மட்டுமே சொல்லப்பட்டு, எஞ்சியவை மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட வேண்டிய வழிவேள்வி விகிருதி. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் செய்யப்படும் தரிசபூர்ணமாசம் இஷ்டி வகை வேள்விகளுக்கெல்லாம் பிரகிருதி. பிரம்மதேசு வேண்டுவோன் சூரியனுக்கு அளிக்கும் சரு, அதாவது வெந்த தானிய அவி, ஒரு விகிருதி. அதற்கென வேதம் தருவது ஓரிரு சொற்களே. தானியத்தை எப்படி எடுப்பது, எப்படிக் குத்துவது, எந்த ஒழுங்கில் செய்வது என்பனவெல்லாம் மூலத்திலிருந்து வந்து சேரவேண்டும். அப்படி வந்து சேர்வதை அதிதேசம் என்றும், வந்த அங்கத்தைப் புதிய இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதை ஊகம் என்றும், புதிய இடத்தில் பயனற்றுப்போன அங்கத்தை விலக்குவதைப் பாதம் என்றும் அவர்கள் பெயரிட்டனர். ஏழாம், எட்டாம் அத்தியாயங்கள் அதிதேசத்தையும், ஒன்பதாம் அத்தியாயம் ஊகத்தையும், பத்தாம் அத்தியாயம் பெரும்பகுதி பாதத்தையும் ஆராய்கின்றன.

இம்மூன்றும் தையலில் எங்கெங்கு நிகழ்கின்றன என்பதைப் பார்த்தல் தகும். முதலில், மாறாமல் வந்து சேர்பவை. பாவு நூலின் போக்குக்கு இணையாகத் தாளை வைத்து வெட்டவேண்டும் என்பது பெரியவர் ஆடைக்கும் குழந்தை ஆடைக்கும் ஒன்றே. தோளை இணைத்தபின் கழுத்தை முடிப்பது, அதன்பின் கையைப் பொருத்திப் பக்கங்களைச் சேர்ப்பது என்னும் செயல்வரிசையும் அப்படியே வருகிறது. இவற்றினும் சிந்தனைக்குரியது, தையலுக்காக வெட்டுக்கோட்டுக்கு வெளியே விடப்படும் ஓரத்துணி. பெரியவர் சட்டையில் அது ஒன்றரை செ.மீ. என்றால், குழந்தைச் சட்டையில் விகிதப்படி ஒரு செ.மீ.க்கும் குறைவாகிவிடக் கூடாது. அவ்வாறு குறைத்தால் ஓரம் பிரிந்து, இரண்டு சலவைகளுக்குள் தையல் கழன்றுவிடும். ஏனெனில் ஓரத்துணி உடலை நோக்கி விதிக்கப்பட்டதன்று. அது நூலின் பிரியும் இயல்பை நோக்கி விதிக்கப்பட்டது, அந்த இயல்பு உடுத்துபவரின் வயதை அறியாது. ஒரே தாளில் ஒரே பென்சிலால் வரையப்பட்ட கோடுகளுள் சில உடலுக்கும், சில துணிக்கும், சில ஊசிக்கும் கடமைப்பட்டவை என்பதையும், எந்தக் கோடு எதற்குக் கடமைப்பட்டது என்பதைத் தாள் தானே சொல்வதில்லை என்பதையும் இந்த ஒரு சிறு விவரம் காட்டிவிடுகிறது.

அடுத்து ஊகம். மூலவேள்வியில் அக்கினிக்கு எனத் தானியம் எடுக்கும்போது சொல்லப்படும் மந்திரம், சூரியனுக்குரிய விகிருதியில் அக்கினியின் பெயரை விடுத்துச் சூரியனின் பெயரை ஏற்கிறது. மந்திரத்தின் பிற சொற்கள் அசையாமல் நிற்கின்றன. மாற்றம் எங்கு தேவையோ அங்கு மட்டும், எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் என்பதே ஊகத்தின் இலக்கணம். குழந்தைச் சட்டையின் கழுத்தும் அவ்வாறே கையாளப்படுகிறது. தலை நுழைய வேண்டும் என்பதற்காகக் கழுத்து வளைவை 48 செ.மீ. வரை அகற்றிவிட்டால், சட்டை தோளில் நிற்காமல் சரியும். ஆகவே வளைவு குழந்தையின் கழுத்தை ஒட்டியே வரையப்பட்டு, பின்பக்க நடுவிலோ ஒரு தோளிலோ திறப்பு ஒன்று கூட்டப்பட்டு, காஜாவும் பொத்தானும் வைக்கப்படுகின்றன. கழுத்துக்குரிய அளவும் காக்கப்பட்டது, தலைக்குரிய வழியும் கிடைத்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு கடமைகளுள் ஒன்றைப் பலியிடாமல், இரண்டையும் நிறைவேற்றும் மிகச் சிறிய மாற்றத்தைத் தேடுவதே நல்ல ஊகம். கடைகளில் லூஸ் என்று சொல்லப்படும் தளர்வும் இவ்வினத்தைச் சேர்ந்ததே: ஓடியும் தவழ்ந்தும் கையை உயர்த்தியும் ஓயாது இயங்கும் உடலுக்கு, மார்பளவு சிறுத்ததற்கேற்பத் தளர்வும் சிறுக்கவேண்டும் என்னும் கணக்கு பொருந்தாது, பெரியவருக்கு விடும் அளவு தளர்வையே குழந்தைக்கும் விடுவது பெரும்பாலும் சரியாகிறது. வயிறு முன்தள்ளிய பருவமாதலால், முன்பக்கத்தின் கீழ்விளிம்பைச் சிறிது தாழ்த்தாவிடில் சட்டை முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவதாகிய பாதம், மூன்றினுள்ளும் மெய்யியல் செறிவு மிக்கது. நீண்ட ஆயுளை வேண்டுவோனுக்கென விதிக்கப்பட்ட ஒரு விகிருதியில், நெல்லுக்கு மாறாக, குன்றிமணி எடையுள்ள நூறு பொன்துண்டுகள் அவியாகக் கொள்ளப்படுகின்றன. மூலத்தில் நெல்லைக் குத்தவேண்டும் என்னும் விதி உண்டு. அதிதேசத்தின் வழி அவ்விதி இங்கும் வந்து சேரவேண்டும். ஆனால் பொன்னுக்கு உமி இல்லை. குத்துதலின் கண்கூடான பயன் உமியை நீக்குதல் என்பதால், நீக்கப்பட வேண்டியது இல்லாத இடத்தில் குத்துதலும் இல்லை என மீமாம்சகர் முடிவு செய்தனர். பொன் வேகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனினும் பொன்துண்டுகளை நெய்யில் சமைக்கவேண்டும் என அந்த விகிருதியிலேயே தனிவிதி இருப்பதால், சமைத்தல் விலக்கப்படுவதில்லை. தையலர்கள் டாட் எனக் குறிப்பிடும் பிடிப்பு, அதாவது துணியைக் கூம்பு வடிவில் மடித்துத் தைத்து மார்புப் பகுதிக்குக் குழிவு தருவது, குழந்தைச் சட்டையில் உமியற்ற பொன்னைக் குத்துவது போன்றது. மார்பு தட்டையாயிருக்கும் உடலில் பிடிப்பு வெறும் புடைப்பாக நிற்கும். ஆதலின் அது விடப்படுகிறது. இடைக்குழிவும் விடப்படுகிறது, ஏனெனில் அவ்வயதில் இடையென ஒடுங்கிய இடம் ஒன்று இல்லை. கை இணையும் இடத்திலிருந்து பக்கக்கோடு கீழ்நோக்கி நேராகவோ சற்று விரிந்தோ செல்கிறது. விடுதல் என்பது மறத்தலோ சோம்பலோ அன்று. எதற்காக ஓர் உறுப்பு அங்கு வைக்கப்பட்டது என்பதை அறிந்தவருக்கே, அது இல்லாமற்போக வேண்டிய இடமும் தெரியும்.

மாற்றுவது, விடுவது ஆகியவற்றோடு, சேர்க்கலாகாதது என்னும் விலக்கும் உண்டு. பெரியவர் மேல்சட்டையில் அழகுக்காகக் கழுத்தில் கோக்கப்படும் இழுகயிறு, குழந்தையின் ஆடையில் உயிராபத்து; ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடைகளில் கழுத்துப் பகுதியில் கயிறு இருக்கக் கூடாது என ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 14682 தடை செய்கிறது. மூலத்தில் குற்றமற்றதாக இருந்த ஒன்று இங்கு குற்றமாகிறது. விதி மாறாதிருக்க இடம் மாறினாலே அறம் மாறிவிடலாம் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று வேண்டியதில்லை.

கண்கூடான பயன் கொண்டவை இப்படி ஆராயப்படலாம். கண்ணுக்குப் புலனாகாத பயன் கொண்டவை எவ்வாறு? மீமாம்சகர் முன்னதைத் திருஷ்டார்த்தம் என்றும் பின்னதை அதிருஷ்டார்த்தம் என்றும் பிரித்தனர். பின்னதில், இன்ன பயன் இங்கு இல்லை எனக் காட்ட இயலாதாகையால், அதைப் பயனின்மை காட்டி விலக்கவும் இயலாது. தமிழ் வீடுகளில் புத்தாடையை உடுத்துவதற்கு முன் அதன் ஓரத்தில் சிறிது மஞ்சள் தடவும் வழக்கம் உண்டு. அந்த மஞ்சள் உடலளவைச் சார்ந்ததன்று, துணியின் இயல்பைச் சார்ந்ததுமன்று. பட்டுப்புடவையின் ஓரத்திலும் ஒரு சாண் சட்டையின் ஓரத்திலும் அதே அளவில்தான் இடப்படுகிறது. மரபொன்றைக் காலத்துக்கேற்ப மாற்ற முனைபவர் பலர் இவ்விரு வகைகளையும் கலந்துவிடுகின்றனர்: அளவைச் சார்ந்தவற்றைப் புனிதம் எனக் கருதி அப்படியே காத்துக் குழந்தையை நெருக்குகின்றனர், அல்லது அளவைச் சாராதவற்றைப் பயனற்றவை எனக் கருதி வெட்டி எறிகின்றனர். இரண்டனுள் முதலாவதன் தீங்கே பெரிது என்பதில் ஐயமில்லை, ஏனெனில் அதை உடலில் சுமப்பது பேசத் தெரியாத ஓர் உயிர்.

மாற்றியவரின் பொறுப்பைப் பற்றியும் ஜைமினி தெளிவாயிருக்கிறார். ஊகத்தால் மாற்றப்பட்ட சொல், மந்திரத்தின் நடுவே நின்றாலும், தான் மந்திரம் ஆகாது என்பது அவருடைய முடிவு. சூரியனின் பெயரை அங்கு வைத்தது வேதம் அன்று, வேதத்தின் நோக்கை அறிந்து செயற்பட்ட மனிதர். மாற்றத்துக்கு உரிமை தந்துகொண்டே, அம்மாற்றத்துக்கு மூலத்தின் அதிகாரத்தைப் போர்த்த மறுக்கும் இந்த நேர்மை, சமய வரலாறு முழுவதிலும் அரிதாகவே காணப்படுகிறது.

பொதுவிதியும் தனிநிலையும் பற்றிய இதே சிக்கலைக் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில் ஆராய்கிறார். சட்டம் பொதுவாகவே பேசமுடியும் என்பதால் சில நிலைகளில் அது தவறும். அப்போது, சட்டம் இயற்றியவர் இங்கு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைச் சொல்லிச் சட்டத்தை நிறைவு செய்வதே ஒப்புரவான நீதி என்பது அவர் கருத்து. லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள், கல்லின் வடிவுக்கேற்ப வளையும் ஈய அளவுகோலைப் பயன்படுத்தியதை அவர் எடுத்துக்காட்டுகிறார். எடுத்துக்காட்டு அழகியது, ஆனால் எதில் வளையவேண்டும், எதில் வளையக் கூடாது என்பதை அது சொல்வதில்லை. எல்லா இடத்திலும் வளையும் தாள் வெட்டுமாதிரியாகவே இராது. அது உடலின்மேல் சுற்றப்பட்ட துணியாகிவிடும். உறுப்புதோறும் நின்று, இது எதன்பொருட்டு என வினவும் மீமாம்சையின் முறையே இங்கு மேலதிகம் உதவுகிறது.

ஆடையளவு சமயவிதியாகவே வந்த இடம் பௌத்தரின் விநய பிடகம், அதாவது துறவியர் ஒழுக்க நூல்தொகுதி. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பகுக்கப்பட்டிருந்த ஒழுங்கைக் கண்ட புத்தர், அவ்வமைப்பில் சீவரத்தை, அதாவது துறவியர் ஆடையை, வெட்டித் தைக்க இயலுமா எனத் தம் சீடர் ஆனந்தரிடம் வினவ, ஆனந்தர் அவ்வாறே வகுத்த வெட்டுமாதிரி சங்கத்துக்குப் பொதுவாயிற்று என அத்தொகுதியின் பகுதியான மகாவக்கம் கூறுகிறது. அதே விநயத்தில் நந்தரின் செய்தியும் வருகிறது. புத்தரின் சிற்றன்னை மகனான நந்தர், புத்தரைவிட நான்கு விரற்கடை உயரம் குறைந்தவர். எனினும் புத்தரின் சீவர அளவிலேயே தமக்கும் சீவரம் உடுத்திவந்தார். தொலைவிலிருந்து பார்த்த மூத்த துறவியர், வருபவர் புத்தரென எண்ணி எழுந்து நின்றனர். இதனால் எழுந்த விதி, புத்தரின் சாணால் ஒன்பது சாண் நீளமும் ஆறு சாண் அகலமும் கொண்ட அவ்வளவிலோ அதற்கு மேற்பட்டோ சீவரம் செய்துகொள்வது குற்றம் என்றும், செய்யப்பட்டதை வெட்டிக் குறைக்கவேண்டும் என்றும் கூறுகிறது. பொதுவான அமைப்பு ஒன்று, அளவு அவரவர்க்கு உரியது; மிக உயர்ந்தவரின் அளவைக்கூட மற்றொருவர் தம்மேல் போர்த்திக்கொள்வது பக்தியாகக் கருதப்படவில்லை.

இதுவரை சொன்னவை அனைத்தும், குழந்தையின் சட்டை விகிருதி, பெரியவர் மாதிரி பிரகிருதி எனக் கொண்டு சொல்லப்பட்டவை. அக்கொள்கையையே ஐயுறவும் இடமுண்டு. வேள்விகளுக்குப் பிரகிருதி ஒன்று மட்டுமன்று: இஷ்டிகளுக்குத் தரிசபூர்ணமாசமும் சோமவேள்விகளுக்கு ஜோதிஷ்டோமமும் தனித்தனி மூலங்கள். மாற்றவேண்டியவை மிகுந்து, மாறாதவை சிலவே எஞ்சும்போது, அது வழிவடிவம் அன்று, மற்றொரு மூலம் என்றே கொள்ளவேண்டும். தையற்பாட நூல்கள் குழந்தைகளுக்கான அடிப்படை மாதிரியைத் தனியே வரையக் கற்பிப்பதும், பச்சிளங்குழந்தைக்குரிய ஜப்லாவிலிருந்து பாடத்தைத் தொடங்குவதும் இதனாலேயே. 1762இல் வெளிவந்த எமீல் என்னும் நூலில் மெய்யியலாளர் ரூசோ, குழந்தையை இறுகச் சுற்றிக் கட்டுவதைக் கண்டித்து, வளரும் உடல் தளர்ந்த ஆடையில் தடையின்றி இயங்கவேண்டும் என வாதிட்டது, குழந்தைமை தனக்கெனச் சொந்த நிறைவு கொண்ட பருவம் என்னும் அவருடைய மெய்யியலின் பகுதியே. தமிழில் இவ்வுணர்வு அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையாக நிலைபெற்றுவிட்டது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என வரும் பருவங்கள், குழந்தையை இன்னும் பெரியவராகாத ஒன்றாகக் காணவில்லை. கையூன்றி ஒரு காலை மடக்கி ஆடும் செங்கீரையும், அமர்ந்து கைகொட்டும் சப்பாணியும் ஒவ்வொன்றும் தம்மளவில் முழுமையுற்ற நிலைகள், கடவுளையே அந்நிலையில் வைத்துப் பாடத்தக்க அளவுக்கு முழுமையுற்றவை. செங்கீரையாடும் உடலுக்கு முன்பக்கம் தரையில் புரளும் நீளம் கூடாது, சப்பாணி கொட்டும் உடலுக்குக் கை இணையும் வளைவு இறுகக் கூடாது என்பதை அறிய, பெரியவர் மாதிரி எவ்வகையிலும் உதவாது.

ஆயினும் தனி மூலம் என்று சொன்ன அளவில் வினா முடிவதில்லை, ஏனெனில் இந்த மூலம் நிற்பதில்லை. தைத்து முடித்த ஆறு திங்களில் உடல் வேறாகிவிடுகிறது. பாவாடையிலும் சட்டையிலும் கீழ்விளிம்புக்கு மேலே டக் எனப்படும் உள்மடிப்புகளை வைத்துத் தைத்து, வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் தமிழகத் தையல்வழக்கம், இன்னும் வராத உடலுக்கும் இன்றே இடம் ஒதுக்குகிறது. தனிநிலைக்கு ஏற்ற மாற்றம் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயல் அன்று என்பதை அம்மடிப்பு ஒப்புக்கொள்கிறது.

உடலின் வேறுபாட்டால் வரும் மாற்றத்தையும், தைப்பவரின் குறைவால் வரும் மாற்றத்தையும் பிரித்தறிவது எஞ்சியுள்ளது. பல வீடுகளில் குழந்தைக்கான சட்டை, பாட்டியின் பழைய நூல்புடவையிலிருந்தோ தாத்தாவின் மெலிந்த வேட்டியிலிருந்தோ பிறக்கிறது. பின்பக்கம் முழுதாக வெட்டத் துணி போதாமல் போவதுண்டு. விதிக்கப்பட்ட நெல் கிடைக்காதபோது நீவாரம் என்னும் காட்டுநெல்லைப் பதிலியாகக் கொள்ளலாம் என மீமாம்சை இசைகிறது. ஆனால் அங்கு மந்திரத்தில் உள்ள நெல் என்னும் சொல் மாற்றப்படுவதில்லை, ஏனெனில் விதிக்கப்பட்டது அப்போதும் நெல்லே. வாஜபேயம் என்னும் வேள்வியில் வரும் சருவிலோ நீவாரமே நேராக விதிக்கப்பட்டிருப்பதால், நெல்லுக்குரிய சடங்குச் செயல்களெல்லாம் அதன்மேல் வந்து சேர்வதோடு சொல்லும் அதற்கேற்ப மாறுகிறது. பொருள் இரண்டிடத்தும் ஒன்றே; ஒன்றில் அது நம் இல்லாமையால் வந்தது, மற்றொன்றில் அதற்கே உரிய உரிமையால் வந்தது. தேர்ந்த தையற்கைகள் இவ்வேறுபாட்டைக் காக்கின்றன. குழந்தையின் வயிறும் தலையும் கேட்கும்போது தாளின் கோடே நகர்கிறது. துணி போதாதபோது கோடு நகர்வதில்லை, இரண்டு துண்டுகளை முதலில் ஒட்டுத்தையலிட்டு ஒரே துணியாக்கி, அதன்மேல் அதே தாளை, அதே அளவில், பாவு நூலுக்கு நேராக வைத்து வெட்டுகின்றனர்.